சாக்கெட்டில் நுழைந்தால் போதாது

வயர்லெஸ் செட்டின் மைக் பழுதானால், பின் எண்ணிக்கை ஒத்துவரும் வேறு எந்த மைக்கையும் வாங்கிச் செருகலாம் என்பது பரவலான கருத்து. செருக முடியாவிட்டால் பழைய ஒயரை வெட்டி, நிறத்துக்கு நிறம் சேர்த்துச் சாலிடர் வைத்தால் வேலை முடிந்தது என்பது அதன் மறுபாதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலை வாயில்கள், கிரேன் கூண்டுகள், சரக்கு லாரிகள் என்று செட் புழங்கும் இடமெல்லாம் இந்தக் கருத்தும் புழங்குகிறது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாக ஒரு மைக் கிடைப்பது அதற்கு வலுச் சேர்க்கிறது.

மைக் என்பது செட்டுக்கு வெளியே தொங்கும் தனிப்பொருள் அன்று. செட்டின் மின்சுற்றில் ஒரு பகுதி. சாக்கெட்டின் வடிவம் அந்தச் சுற்றைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கூற்றை உறுப்புறுப்பாக எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

கூற்று 1: எட்டுப் பின் உருண்டை பிளக் எல்லாம் ஒன்றே

மேசை செட்டுகளிலும் பழைய வாகன செட்டுகளிலும் காணப்படும் எட்டுப் பின் உலோக பிளக்கை ஐகாம், கென்வுட், யாயேசு ஆகிய மூன்று ஜப்பானிய நிறுவனங்களும் பயன்படுத்தியுள்ளன. பிளக் ஒன்றுதான், உள்ளே ஒயர் இணைப்பு மூன்று விதம்.

கென்வுட்டில் 1ஆம் பின் பேச்சு, 2ஆம் பின் பேசும் பட்டன், 8ஆம் பின் பட்டனுக்கான எர்த். ஐகாமில் 1ஆம் பின் பேச்சு, 2ஆம் பின்னில் 8 வோல்ட் மின்சாரம், பட்டன் 5ஆம் பின், அதன் எர்த் 6ஆம் பின், 8ஆம் பின்னில் செட் வாங்கும் ஒலி வெளிவருகிறது. யாயேசுவில் பேச்சு 8ஆம் பின், பட்டன் 6ஆம் பின், 2ஆம் பின்னில் 5 வோல்ட், 1ஆம் பின் அலைவரிசையை மேலேற்றும் பட்டனுக்கு. மூன்றிலும் ஒத்துப்போவது 7ஆம் பின் ஒன்றுதான்: அது மைக் எர்த்.

கென்வுட்டுக்குச் செய்த மைக்கை ஐகாம் செட்டில் செருகினால் என்ன ஆகும்? பட்டனை அழுத்தும்போது 2ஆம் பின்னும் 8ஆம் பின்னும் இணைகின்றன. செட் ஒலிபரப்பாது; 8 வோல்ட் மின்சாரம் ஒலி வெளிவரும் பின்னில் போய் மோதும். மலிவான மைக்குகளில் 7, 8 இரண்டையும் உள்ளேயே ஒன்றாகச் சாலிடர் வைத்திருப்பார்கள். அப்படியானால் 8 வோல்ட் நேராக எர்த்தில் ஷார்ட் ஆகும். 2ஆம் பின்னை எர்த்தோடு ஷார்ட் செய்தால் உள்ளிருக்கும் 8 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டுப்போகலாம் என்று ஐகாமின் கையேடே எச்சரிக்கிறது. அதே மைக்கை யாயேசுவில் செருகினால், பட்டனை அழுத்தும்போதெல்லாம் 5 வோல்ட் பேச்சு நுழையும் பின்னுக்குள் பாயும்.

கணினி நெட்வொர்க் கேபிளின் முனை போன்ற பிளாஸ்டிக் பிளக் கொண்ட வாகன செட்டுகளுக்கும் இதுவே பொருந்தும். அழுத்திச் செருகினால் ‘டிக்’கென்று உட்காரும், ஆனால் எட்டு ஒயர்களின் வேலை நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும்.

கூற்று 2: மைக் என்றால் மைக்தான்

செட்டுகளில் இன்று பெரிதும் இருப்பவை இரண்டு வகை. டைனமிக் மைக்கில் காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைந்து தானே மின்சாரம் தருகிறது. அதற்கு வெளி மின்சாரம் வேண்டாம். அதன் மின்தடை பெரும்பாலும் சில நூறு ஓம். கன்டென்சர் மைக் என்று கடைகளில் கேட்டு வாங்கும் எலெக்ட்ரெட் குப்பிக்குள் ஒரு சிறு டிரான்சிஸ்டர் உண்டு. சில வோல்ட் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வந்தால்தான் அது உயிர்பெறும்.

டைனமிக் மைக்குக்கென அமைந்த செட்டில் கன்டென்சர் மைக்கை நேராகப் பொருத்தினால் பட்டன் வேலை செய்யும், விளக்கு எரியும், பேச்சு மட்டும் போகாது. பலர் இந்த இடத்தில் புதிய மைக்கும் கெட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். குறை மைக்கில் இல்லை. அதற்கு மின்சாரம் கிடைக்கவில்லை. செட்டின் சாக்கெட்டில் 5 அல்லது 8 வோல்ட் பின் இருந்தால், அங்கிருந்து 2.2 முதல் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் குப்பிக்கு மின்சாரம் கொடுத்து, பேச்சை 1 முதல் 10 மைக்ரோ ஃபாரட் கேப்பாசிட்டர் வழியாகச் செட்டுக்கு அனுப்ப வேண்டும். குப்பியின் அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் தெரியும். உலோக உறையோடு மெல்லிய கோட்டால் இணைந்திருப்பது எர்த், மற்றது பேச்சு. இதை மாற்றிப் போட்டால் குப்பி ஒழுங்காக வேலை செய்யாது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. ஐகாம் செட்டுகளின் 1ஆம் பின்னில் கன்டென்சர் மைக்குக்கான டிசி மின்சாரம் எப்போதும் நிற்கிறது. அங்கே டைனமிக் மைக்கை நேராக இணைத்தால் அந்த மின்சாரம் கம்பிச்சுருளுக்குள் ஓடி, அதிரும் தகட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கும்; குரல் மங்கி உடையும். நடுவில் ஒரு கேப்பாசிட்டரைத் தொடராக வைத்தால், அதன் நேர்முனை செட்டைப் பார்த்திருக்க, டிசி நின்றுவிடும். குரல் மட்டும் கடக்கும்.

கூற்று 3: பேசும் பட்டன் வெறும் சுவிட்ச், எங்கே இணைத்தாலும் ஒன்று

மேசை, வாகன செட்டுகளில் இது பாதி உண்மை: பட்டனின் பின்னை எர்த்தில் தொட்டால் செட் ஒலிபரப்பும். கையடக்க செட்டுகளில் நிலைமை வேறு. கென்வுட் வகை இரட்டைப் பின் சாக்கெட்டில் பட்டனுக்குத் தனி வழி இருக்கிறது. ஐகாமின் பழைய கையடக்க செட்டுகளிலோ பேச்சும் பட்டனும் ஒரே ஒயரில் பயணிக்கின்றன. பட்டன் அழுத்தப்பட்டதை அந்த ஒயரில் ஓடும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டுதான் செட் அறிகிறது. இரண்டிலும் 2.5 மில்லிமீட்டர், 3.5 மில்லிமீட்டர் ஜாக்குகளே உள்ளன. ஒன்றின் மைக்கை மற்றதில் போட்டால், செட் ஒலிபரப்பிலேயே நின்றுவிடலாம். அது மிக மோசமான பழுது. ஒரு செட் பட்டன் அழுத்தியபடி நின்றால், அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது.

கூற்று 4: நிறத்துக்கு நிறம் சேர்த்தால் சரி; எர்த் எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கலாம்

மைக் ஒயர்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற நிற ஒழுங்கு எதுவும் இல்லை. ஒரு மைக்கில் வெள்ளை பேச்சு, இன்னொன்றில் வெள்ளை பட்டன். நம்ப வேண்டியது நிறத்தை அன்று, மல்டிமீட்டரை. ஒரு முனை பிளக்கின் பின்னில், மறுமுனை மைக் உள்ளே உள்ள ஈயப் புள்ளியில். பீப் ஒலி கேட்டால் அந்த ஒயர் அது. எட்டையும் இப்படிப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். பின் எண்களைப் படிக்கும்போது பிளக்கின் முகம், சாலிடர் வைக்கும் முதுகு என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது. படம் முகத்தைக் காட்டினால், முதுகில் வரிசை வலமிடமாக மாறும்.

மைக் எர்த்தும் பட்டன் எர்த்தும் தனித்தனிப் பின்களில் வருவதற்குக் காரணம் உண்டு. பேச்சு ஒயரில் ஓடுவது சில மில்லிவோல்ட். பட்டனின் மின்னோட்டமும் வண்டி ஆல்டர்னேட்டரின் இரைச்சலும் அதே எர்த் ஒயரில் திரும்பினால், ‘ஙொய்’ என்ற ஓசை குரலோடு கலந்து போகும். பேச்சு ஒயரைச் சுற்றிய ஷீல்டு மைக் எர்த்துக்கு மட்டும் போக வேண்டும். ஆன்டெனா அருகில் இருக்கும் வாகனத்தில், குப்பியின் இரு முனைகளுக்கிடையே 100 பிக்கோ ஃபாரட் முதல் 1 நானோ ஃபாரட் வரையுள்ள ஒரு கேப்பாசிட்டர், சொந்த அலையே திரும்ப நுழைந்து குரலைக் கரகரப்பாக்குவதைத் தடுக்கும்.

கூற்று 5: சத்தம் கூடுதலான மைக் போட்டால் தூரம் கூடும்

ஆலைகளிலும் வாகனங்களிலும் உள்ள செட்டுகள் பெரும்பாலும் எஃப்எம் முறையில் இயங்குபவை. எஃப்எம்மில் ஒலிபரப்பின் வாட் அளவு குரலைப் பொறுத்தது அன்று. மெல்லப் பேசினாலும் கத்தினாலும் ஒன்றே. குரல் கூடும்போது அலைவெண்ணின் அசைவுதான் கூடுகிறது. 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் அது 5 கிலோஹெர்ட்ஸ், 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் 2.5 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் செட்டே வெட்டிவிடும். ஆகவே சக்தி கூட்டிய மைக் தருவது வெட்டுப்பட்ட, உடைந்த குரல்தான். கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்கும், உருட்டும் கொட்டகைகளில் அது இன்னும் கேடு: பேச்சோடு எந்திர இரைச்சலும் பெருகிப் போகும்.

அங்கே உதவுவது இரைச்சல் நீக்கும் மைக். அதற்கு முன்னும் பின்னும் துளைகள் உண்டு. தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக அழுத்தித் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. உதட்டருகில் எழும் குரல் ஒரு பக்கம் மட்டும் அழுத்துகிறது. வாய்க்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் பிடித்தால்தான் இது நடக்கும். தூசிக்கு அஞ்சிப் பின்துளையை டேப் ஒட்டி மூடினால் வாங்கிய பயன் போய்விடும்.

கூற்று 6: பேச்சு போகவில்லையென்றால் மைக்கை மாற்ற வேண்டும்

முதலில் கெடுவது பெரும்பாலும் குப்பி அன்று. சுருள் ஒயர் மைக்குக்குள் நுழையும் ரப்பர் கழுத்தை விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். வளைக்கும்போது பேச்சு வந்து வந்து போனால், ரப்பருக்குள் ஒரு இழை அறுந்திருக்கிறது. அங்கே இரண்டு அங்குலம் வெட்டிப் புதிதாகச் சாலிடர் வைத்தால் பழைய மைக்கே பேசும். பட்டனின் தகடு கறுத்திருந்தால், அழுத்தியபோது மல்டிமீட்டரில் ஒன்றிரண்டு ஓமுக்கு மேல் காட்டும். சுத்தம் செய்தால் சரியாகும்.

ஒப்புக்கொள்ள வேண்டியதும் உண்டு. செட் செய்த நிறுவனத்தின் மைக்கைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வகை, மின்சாரம், பட்டன் முறை, எர்த் ஆகிய நான்கும் தெரிந்தால் வேறு மைக்கும் நன்றாக வேலை செய்யும். இதற்கு ஒரே விலக்கு, எரிவாயுவும் கரைப்பானும் புழங்கும் ஆலைகள். அங்கே தீப்பொறி எழாத சான்று செட்டுக்கும் அதன் மைக்குக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது. கையால் சாலிடர் வைத்த மைக் அந்தச் சான்றை முறித்துவிடும்.

வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் அணை திறந்து ஆரணியாறு பெருகும்போது ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் பலமுறை மூழ்கியிருக்கிறது. இக்கரைக்கும் அக்கரைக்கும் செய்தி போக வேண்டிய அப்படிப்பட்ட நாளில் மைக்கைச் சோதிக்க நேரமிருக்காது. மாற்றிய மைக்கை அன்றே, குறைந்த வாட்டில், தொலைவில் உள்ள இன்னொரு செட்டில் ஒருவரைக் கேட்கச் சொல்லிச் சோதித்து, பின் எண்களை எழுதிய தாளைச் செட்டின் அடியில் ஒட்டி வைப்பதே முடிந்த வேலை.