பின்பாட்டுப் பாடிய அம்மா

அம்மாவும் வயது வந்த பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "ஏன் இவ்வளவு நேரம்?" என்பாள் அம்மா. "எதற்கெடுத்தாலும் ஒரு கேள்விதானா?" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வாள் பெண். சற்றைக்கெல்லாம் சமையலறையில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும்.

அப்படிச் சண்டை போட்டுக்கொண்ட ஓர் அம்மாவும் பெண்ணும், சண்டை ஓய்ந்த நேரங்களில் சேர்ந்து பாடிப் பாடியே உலகப் புகழ் அடைந்துவிட்டார்கள். அம்மா பெயர் நயோமி ஜட். பெண் பெயர் வைனோனா. ஜோடிக்கு 'தி ஜட்ஸ்' என்று பெயர். அவர்களுடைய முதல் முழுநீள இசைத்தட்டு 1984 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதன் பெயர் 'ஒய் நாட் மீ'. 'நான் ஏன் கூடாது?' என்று அர்த்தம். இந்த வாரம் அந்தத் தட்டைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

அவர்கள் பாடியது 'கன்ட்ரி' சங்கீதம். அமெரிக்காவின் தென்பகுதி மலைக் கிராமங்களிலும் பண்ணைகளிலும் வளர்ந்தது அது. கிடாரும் பிடிலும் பாஞ்சோவும் அதற்குப் பக்க வாத்தியங்கள். வீடு, வேலை, காதல், பிரிவு, கடன், கண்ணீர் இவைதான் விஷயம். டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரம் அதற்குத் தலைநகரம் மாதிரி. பாட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் மூட்டை முடிச்சுடன் அங்கேதான் போய் இறங்குவார்கள்.

நயோமி அப்படிப் போய் இறங்கியபோது அவளிடம் இருந்தவை, நர்ஸ் பரீட்சை தேறிய படிப்பும் இரண்டு பெண்களும்தான்.

கென்டக்கி மாகாணத்தில் ஆஷ்லண்ட் என்ற ஊரில் 1946-இல் பிறந்தவள் அவள். அப்போது டயானா என்று பெயர். பள்ளிப் படிப்பு முடிகிற சமயத்திலேயே, 18 வயதில், கையில் குழந்தை. 1964 மே மாதம் பிறந்த அந்தக் குழந்தைக்குக் கிறிஸ்டினா என்று பெயரிட்டார்கள். பிறகு குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1968-இல் இரண்டாவது பெண் ஆஷ்லி பிறந்தாள். (பின்னாளில் ஹாலிவுட் படங்களில் நடித்த ஆஷ்லி ஜட் இவள்தான்.) 1972-இல் விவாகரத்து ஆயிற்று. கிடைத்த வேலையைச் செய்து இரண்டு பெண்களையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

சில வருஷங்களில் சொந்த மாகாணத்துக்கே திரும்பி, மாரில் என்ற சிற்றூரில் ஒரு மலை வீட்டில் குடியிருந்தார்கள். டெலிவிஷன் கிடையாது, டெலிபோன் கிடையாது. பொழுது போக வேண்டுமே! மூத்த பெண் கிடாரைக் கையில் எடுத்தாள். ஹேஸல் டிக்கன்ஸ், ஆலிஸ் ஜெரார்ட் என்ற இரண்டு பெண்மணிகள் சேர்ந்து பாடிய பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, இரண்டு குரல்கள் எப்படி ஒன்றையொன்று தழுவிப் போகின்றன என்று அம்மாவும் பெண்ணும் கற்றுக்கொண்டார்கள். பெயர்களும் மாறின. அம்மா பைபிளில் வரும் நயோமியின் பெயரைச் சூட்டிக்கொண்டாள். பெண்ணோ ஒரு பழைய பிரயாணப் பாட்டில் வரும் ஊர்ப் பெயரிலிருந்து வைனோனா ஆனாள்.

1979-இல் நாஷ்வில் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பகலெல்லாம் ஆஸ்பத்திரி வேலை, ஓய்ந்த நேரத்தில் பாட்டுக்காக அலைச்சல். ரால்ஃப் எமரி என்பவர் நடத்திய விடியற்காலை டெலிவிஷன் நிகழ்ச்சியில் பாட இடம் கிடைத்தது. வீட்டிலேயே சோப்புக் காய்ச்சுகிறோம் என்று நயோமி பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தாள். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளாத அந்த மனிதருக்கு அது போதாதா? 'சோப்புச் சகோதரிகள்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்! அம்மாவையும் பெண்ணையும் சகோதரிகள் என்றதில் நயோமிக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

நயோமி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், கார் விபத்தில் அடிபட்ட ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவளைக் கவனித்துக்கொண்டது நயோமி. அந்தப் பெண்ணின் தகப்பனார் பிரென்ட் மேஹர், நாஷ்வில்லில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர். மகள் தேறிய பிறகு நயோமி அவரிடம் ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தாள். 30 டாலருக்கு வாங்கிய டேப் ரிக்கார்டரில், அம்மாவும் பெண்ணுமாக வீட்டிலேயே பாடிப் பதிவு செய்தது. அவர் உடனே கேட்டுவிடவில்லை. கேட்டபோது, விடவும் இல்லை.

1983-இல் ஆர்.ஸி.ஏ. கம்பெனியின் காரியாலயத்தில் இருவரும் நேரில் பாடிக் காட்டினார்கள். பின்னணி வாத்தியக் கோஷ்டி எதுவும் இல்லை. கிடார்தான் துணை. அங்கேயே காரியம் பழமாயிற்று. முதலில் ஆறே பாட்டுகள் கொண்ட ஒரு சின்னத் தட்டு வெளிவந்தது. அதிலிருந்த 'மாமா ஹீ இஸ் கிரேஸி' என்ற பாட்டு, பெண் தன் காதலைப் பற்றி அம்மாவிடம் மனம் திறந்து பேசுவது. உண்மை அம்மாவே பக்கத்தில் நின்று சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும்! அது 1984-இல் கன்ட்ரி வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தது. பெரிய தட்டுக்கு அப்புறந்தான் வழி பிறந்தது.

'ஒய் நாட் மீ' தட்டில் பத்துப் பாட்டுகள். 'மாமா' பாட்டு இதிலும் உண்டு. அதோடு தலைப்புப் பாட்டு, 'கேர்ள்ஸ் நைட் அவுட்', 'லவ் இஸ் அலைவ்' மூன்றும் சேர்ந்து, ஒரே தட்டிலிருந்து நான்கு பாட்டுகள் முதல் இடத்துக்குப் போயின. தலைப்புப் பாட்டில், ஊரெல்லாம் அலைந்து துணை தேடும் ஒருவனைப் பார்த்து, ஊரிலேயே காத்திருக்கும் பெண், 'நான் ஏன் கூடாது?' என்று கேட்கிறாள். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. நியாயம் கேட்கிற குரல். 'கேர்ள்ஸ் நைட் அவுட்' வாரமெல்லாம் உழைத்த பெண் ஒரு நாள் இரவு தோழிகளோடு கிளம்புகிற குதூகலம்.

அந்த நாட்களில் நாஷ்வில் தட்டுகளில் வயலின் கூட்டமும் மின்சார வாத்தியங்களும் மலிந்து கிடந்தன. மேஹர் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். டான் பாட்டரின் கிடாரை முன்னே வைத்து, இரண்டு குரல்களுக்கும் மூச்சுவிட இடம் கொடுத்தார். மலை வீட்டில் உட்கார்ந்து பாடினால் எப்படியோ, அப்படி இருந்தது.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தட்டில் முன்னே நின்று பாடுகிறவள் பெண். அம்மா பாடுவது பின்பாட்டு.

பின்பாட்டு என்றதும், சொன்னதையே திருப்பிச் சொல்வது என்று நினைத்துவிடாதீர்கள். பெண் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது, அதே சமயத்தில், அதே சொல்லை, அதற்கு இசைந்த வேறொரு ஸ்வரத்தில் பிடிக்க வேண்டும். பெண் மூச்சு விடுகிற இடத்தில் தானும் மூச்சு விட வேண்டும். அவள் நீட்டினால் நீட்ட வேண்டும். குறுக்கினால் குறுக்க வேண்டும். ஒரு இம்மி உரக்கப் பாடினாலும் பெண்ணின் குரல் அமுங்கிப் போகும்.

யோசித்துப் பாருங்கள். அப்போது நயோமிக்கு வயது 38. பார்த்தால் அக்கா என்றே சொல்வார்கள். ஆசைப்பட்டவள், அலைந்தவள், ஒலிநாடாவை நீட்டியவள் அவள்தான். மேடையில் சிரித்துப் பேசிச் சபையை வசப்படுத்தியவளும் அவள்தான். ஆனால் பாட்டு என்று வந்ததும், 20 வயதுப் பெண்ணுக்கு வாய்த்த கனத்த சாரீரம் தனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டு, ஓர் அடி பின்னால் நின்றாள். வீட்டில் விட்டுக்கொடுக்காத இருவரும் பாட்டில் விட்டுக்கொடுத்தார்கள். தாங்கள் சண்டை போட்டதைப் பின்னாளில் இருவருமே ஒளித்ததில்லை. ஆனால் இந்தத் தட்டில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 'மாமா' பாட்டுக்கும் தலைப்புப் பாட்டுக்கும் கிராமி பரிசு கிடைத்தது. அவர்களுடைய பாட்டுகளில் மொத்தம் 14 முதல் இடத்துக்குப் போயின. 1990-இல் நயோமிக்குக் கல்லீரல் அழற்சி என்று தெரிந்தது. நர்ஸாக இருந்தபோது ஊசி குத்தி வந்திருக்கும் என்பது அவள் எண்ணம். 1991 டிசம்பரில் ஜோடி விடைபெற்றது. வைனோனா தனியாகப் பாடிப் பெயர் எடுத்தாள். அம்மாவும் பெண்ணும் அவ்வப்போது மறுபடி சேர்ந்தார்கள்.

நயோமியை அப்புறம் கடுமையான மனச்சோர்வு நோய் பீடித்தது. 2016-இல் அதைப் பற்றி அவளே புத்தகம் எழுதினாள். 2022 ஏப்ரல் 30 அன்று, 76-ஆவது வயதில் காலமானாள். மன நோய்க்குத் தங்கள் தாயைப் பறிகொடுத்ததாக மகள்கள் இருவரும் மறைக்காமல் சொன்னார்கள். மறுநாள்தான் நாஷ்வில்லின் கன்ட்ரி இசை மண்டபத்தில் ஜட்ஸ் ஜோடிக்குக் கௌரவம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. விழா நின்றுபோகவில்லை. பெண்கள் இருவரும் அழுதுகொண்டே போய் அந்தக் கௌரவத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் அம்மாவும் பெண்ணுமாகப் புறப்பட இருந்த கச்சேரிப் பிரயாணத்தை வைனோனா ரத்து செய்யவில்லை. தோழிப் பாடகிகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். அம்மா நின்ற இடத்தை நிரப்புவதற்கு அத்தனை பேர் வேண்டியிருந்தது.

சமயம் கிடைக்கும்போது இந்தத் தட்டைக் கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே. வீட்டில் வளர்ந்த பெண் இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பெண்ணின் குரலைக் கேளுங்கள்; அது தானே உங்களை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் தடவை, பின்னால் நிற்கும் அந்த அம்மாவின் குரலை மட்டும் தேடிக் கேளுங்கள்.