வயசான ஆம்பளைக்கு எதுக்கு நல்ல சட்டை?

"நமக்கென்ன சார், ரிட்டயர் ஆயாச்சு. இனிமே யார் நம்மைப் பார்க்கப் போறாங்க?"

இந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு. படிக்கிறவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பாலவாக்கம் கடற்கரைப் பக்கம் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். நம்ம வயசு ஆண்கள் வரிசையாக வருவார்கள். மகன் கழித்துப் போட்ட டி-ஷர்ட், மார்பில் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியின் பெயர். கீழே நாடா தொங்கும் முக்கால் பேன்ட். சரி, வாக்கிங் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே உடையில்தான் பால் பூத், அதே உடையில்தான் மருந்துக் கடை, அதே உடையில்தான் பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, சாயங்காலம் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அதே கோலம். பத்து வருஷத்துக்கு முன்னால் இவர்கள் எல்லாம் ஆபீஸில் எப்படி இருந்தார்கள்? சட்டை மடிப்பு கலையாமல், பேனா பாக்கெட்டில் நேராக நிற்க, காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள். முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரிக்காக இஸ்திரி போட்ட மனிதர், கட்டின மனைவிக்காகவும் தனக்காகவும் ஒரு நாள் போட மாட்டேன் என்கிறார். இதற்குப் பெயர் எளிமை என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

எளிமை என்றவுடன் காந்தியை இழுப்பார்கள். "மகாத்மாவே அரை வேட்டிதானே கட்டினார்?" கட்டினார். 1921 செப்டம்பர் 22-ம் தேதி, நம்ம மதுரையில், மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது எடுத்த முடிவு அது. யோசித்து எடுத்த முடிவு. ஏழைக்கு முழு உடை இல்லாதபோது தனக்கு மட்டும் எதற்கு என்று கேட்டு எடுத்த முடிவு. அந்தத் துணி கதர், வெள்ளை வெளேரென்று துவைத்தது. 1931-ல் லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு மன்னரைப் பார்க்கவும் அதே உடையில்தான் போனார். இதற்கும் கழுத்து தொய்ந்த பனியனோடு கேட்டில் நின்று பேப்பர் படிப்பதற்கும் என்ன சம்பந்தம்? காந்தி தன் உடையைத் தேர்ந்தெடுத்தார். நாம் கையில் கிடைத்ததை மாட்டிக்கொள்கிறோம்.

உடை என்பது அற்ப விஷயம், பெண்கள் சமாசாரம் என்று இன்னொரு கோஷ்டி சொல்லும். அவர்கள் இந்த ஊர் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1930-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. அடுத்த வருஷம் அந்த எட்டு பதினொன்றாக ஆனது. துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதும் அதில் உண்டு. சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் இதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். ஒரு சட்டைக்காக வீடு எரிந்த தமிழ்நாடு இது. அம்பேத்கர் சிலைகள் எல்லாம் ஏன் கோட்டு சூட்டோடு நிற்கின்றன என்று யோசித்தால், உடை அற்பமா இல்லையா என்று புரியும். அதனால்தான் "பேன்ட் வெள்ளைக்காரன் உடுப்பு, வேட்டிதான் தமிழன் மானம்" என்று மேடையில் முழங்குகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்ட விடாத ஊரில், பலருக்குப் பேன்ட்தான் விடுதலையாக வந்தது.

அப்புறம் 2014. உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 11-ம் தேதி, சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போனார். உள்ளே விடவில்லை. கூடவே இரண்டு மூத்த வக்கீல்களையும் விடவில்லை. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பார் கவுன்சில் விதிகளில் ஆண் வக்கீல்களுக்கு நீளமான பேன்ட் அல்லது வேட்டி என்றே இருக்கிறது. கோர்ட்டுக்குள் கட்டலாம், கிளப்புக்குள் கட்டக்கூடாது! சட்டசபையில் கட்சி வித்தியாசம் இல்லாமல் கண்டித்தார்கள். ஆகஸ்டிலேயே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் போகும். 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவிலும் பேன்ட்டுக்குச் சமமாக வேட்டிக்கு இடம் கொடுத்தார்கள்.

நல்லது. கைதட்டினோம். அப்புறம் என்ன செய்தோம்? வேட்டியை மடித்து பீரோவில் வைத்துவிட்டுப் பெர்முடாவுக்குப் போனோம். கல்யாணத்துக்கு மட்டும் வெல்க்ரோ வைத்த வேட்டி. ஒட்டினால் நிற்கும், இழுத்தால் பிரியும். ஆபரேஷன் ஆனவர்கள், கை நடுங்குகிறவர்கள் கட்டட்டும், அவர்களுக்கு அது வரப்பிரசாதம். வேட்டி கட்டத் தெரிந்த ஆரோக்கியமான மனிதருக்கு எதற்கு? கிளப் கேட்டில் நம்மைத் தடுத்தவனுக்குத் தண்டனை உண்டு. வீட்டில் நம்மைத் தடுப்பது யார்?

இது வெறும் அழகுப் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். வங்கிக்குப் போய்ப் பாருங்கள். அதே பாஸ்புக், அதே பென்ஷன் கணக்கு. தொளதொள டி-ஷர்ட்டில் போனால், "பெரியவரே, மெஷின் அந்தப் பக்கம் இருக்கு" என்று கை காட்டுவார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் போனால், "உட்காருங்க சார்." எனக்கு இரண்டும் ஒரே கிளையில், ஒரே மாதத்தில் நடந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் மோசம். நாம் எதிரில் உட்கார்ந்திருக்க, டாக்டர் தம்பி நம்ம மகனைப் பார்த்து, "அப்பா நைட் நல்லா தூங்கறாரா?" என்று கேட்பார். நாம் என்ன, பேசத் தெரியாத குழந்தையா? முழுக்கைச் சட்டை, சீவின தலை, நேரான முதுகு என்று போனால் கேள்வி நம்மிடமே வருகிறது. எப்போதும் இல்லை, பெரும்பாலும். உடையைப் பார்த்து மனிதரை எடைபோடுவது அவர்கள் தப்புதான், சந்தேகமில்லை. உலகம் திருந்துகிற வரைக்கும் தொய்ந்த பனியனோடு காத்திருக்க நமக்கு வயசு இல்லை சார்.

இன்னொரு பக்கம், ரிசப்ஷனில் கோட்டு போடுகிற கூட்டம். மே மாதம், ஏ.சி. பாதி வேலை செய்யும் மண்டபம், 2003 மே மாதம் 45 டிகிரி அடித்த ஊர் இது. அதில் பாலியஸ்டர் கோட்டு. மாப்பிள்ளை பாவம், போட்டோகிராபர் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெண்ணின் பெரியப்பாவுக்கு என்ன கட்டாயம்?

சரி, குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்காமல் பீரோவுக்குள் போவோம். முதலில் கழிப்பது. எண்பதுகளில் தைத்த சஃபாரி சூட்டை இன்னும் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயசில் எடுத்த அளவு எழுபதுக்குச் செல்லாது. வயசானால் கழுத்து மெலிகிறது, தோள் இறங்குகிறது, வயிறு மட்டும் தன் வழியில் போகிறது. பழைய சட்டையின் காலர் கிணறு மாதிரி வாயைப் பிளந்து நிற்பதற்கு இதுதான் காரணம். காலர் பட்டனைப் போட்டால் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், நாலு விரல் நுழைந்தால் அந்தச் சட்டை உங்களுடையது இல்லை. தோள் தையல் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும், கைக்குப் பாதி வழியில் தொங்கக்கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் முந்நூறு ரூபாய் துணியும் மரியாதையாகத் தெரியும். இல்லையென்றால் மூவாயிரம் ரூபாய் பிராண்டும் இரவல் வாங்கின மாதிரிதான். மகனும் மருமகளும் அன்பாக ஆன்லைனில் எக்ஸ்.எல். அனுப்புவார்கள். மறுக்க வேண்டாம். ஆல்டர் பண்ணுகிற தையல்காரர் தெருவோரத்தில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார், அவரிடம் போய்ப் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை அதிகம் வேண்டாம். வெளியே போக ஆறு சட்டை: இரண்டு வெள்ளை, ஒன்று சந்தன கலர், ஒன்று வெளிர் நீலம், மெல்லிய கோடு போட்டது இரண்டு. ராமராஜன் கலர்கள் அவருக்கே இருக்கட்டும். வீட்டுக்குள் கட்ட நாலு முழம் நான்கு, கொஞ்சம் தடித்த நூலாகப் பாருங்கள், நைஸ் நூல் என்றால் உள்ளே இருப்பது தெரியும். வெளியே போக எட்டு முழம் மூன்று. இரண்டாக மடித்துக் கட்டுவதால் அந்தக் கவலை இல்லை. விசேஷத்துக்கு ஒரு மயில்கண் கரை, வசதி இருந்தால் ஒரு சேலம் வெண்பட்டு. முட்டி வலி, ஸ்கூட்டர், பஸ் படி என்று வேட்டி ஒத்துவராதவர்கள் இரண்டு காட்டன் பேன்ட் தைத்துக்கொள்ளட்டும், இடுப்பில் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைக்கச் சொன்னால் முன்னால் பார்க்கப் பேன்ட் மாதிரியே இருக்கும். பின்பக்கம் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி, விழாமல் இருக்கவும் உதவும். இவ்வளவுதான்.

எல்லாம் காட்டனாக இருக்கட்டும். கடைக்காரர் "பியூர் காட்டன் சார்" என்று சத்தியம் பண்ணுவார். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி பேப்பர் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி கெட்டியாகும். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இந்தப் பரீட்சை முக்கியம், இந்தப் புழுக்கத்துக்குப் பாலியஸ்டர் முதுகில் ஒட்டிக்கொண்டு வராது என்று அடம் பிடிக்கும்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடத் தெம்பு இருந்தால் போங்கள். என் ஓட்டு கோ-ஆப்டெக்ஸுக்கு. எழும்பூர் பாந்தியன் சாலை வரை போக முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கிற கிளைக்குப் போங்கள். 1935-லிருந்து நடக்கிற நெசவாளர் கூட்டுறவு. தீபாவளிக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள். அண்ணா சாலை கதர் பவனில் காந்தி ஜெயந்தி சமயத்தில் சட்டைத் துணி எடுக்கலாம். நாம் ஒரு வேட்டி கட்டினால் ஈரோட்டிலோ சேலத்திலோ ஒரு தறி கொஞ்ச நேரம் ஓடும். பெர்முடா எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. உப்புக் காற்றில் இரும்பு பீரோ துருப்பிடிக்கும், தட்டில் நேராக வைத்த வெள்ளை வேட்டியில் காவி வட்டம் விழும், அது எந்த சோப்புக்கும் போகாது. பழைய பருத்திப் புடவையை விரித்து அதன் மேல் அடுக்குங்கள். வியர்வைக் கறை இருக்கும்போது இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் கறை உட்கார்ந்துவிடும். சாதம் வடித்த கஞ்சி கொஞ்சம், சொட்டு நீலம் அதைவிடக் கொஞ்சம். நீலத்தைக் கூடுதலாகப் போட்டு வானவெளி மாதிரி வேட்டி கட்டி வருபவர்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

"இருக்கிற பென்ஷனில் மாத்திரைக்கே பாதி போகிறது" என்பார் நண்பர் ஒருவர். உண்மைதான். ஆனால் மேலே சொன்னதை ஒரே நாளில் வாங்கச் சொல்லவில்லை. பொங்கலுக்கு இரண்டு, தீபாவளிக்கு இரண்டு என்று எடுத்தால் மூன்று, நாலு வருஷத்தில் பீரோ ஒழுங்காகிவிடும். அதுவரை இருப்பதைத் துவைத்து, பட்டன் தைத்து, தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுங்கள். தைத்த பட்டனுக்குப் பென்ஷன் தேவையில்லை, ஊசி நூல் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு நூல் கோர்க்க வராவிட்டால் பேத்தி கோர்த்துத் தருவாள்.

அந்த ஐ.டி. கம்பெனி டி-ஷர்ட்டுகளை என்ன செய்வது என்கிறீர்களா? ஸ்கூட்டர் துடைக்க அதைவிட நல்ல துணி கிடைக்காது.