பூக்குழி யாருக்கு?

என் பாட்டி மூன்று முறை தீ மிதித்தவர். அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் கிடந்தாராம். பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் பூக்குழி இறங்குகிறேன் என்று மாரியம்மாவிடம் வேண்டிக்கொண்டார் பாட்டி. காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்து, மாலையில் மஞ்சள் சேலையோடு வரிசையில் நின்று இறங்கினார். அன்று யாரும் அவரைத் தடுக்கவில்லை.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. நானும் அதே அம்மாவிடம் அதே வேண்டுதலை வைத்தேன். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக் கோயிலில் காப்புக் கட்டப் பெயர் கொடுக்கப் போனால், "பொம்பளப் புள்ளைங்க குழிய சுத்தி வந்து கும்பிட்டா போதும்மா" என்றார்கள். கும்பாபிஷேகத்துக்குப் பிறகு வந்த புது விதியாம். ஆகமமாம்.

நண்பர்களே, பால்மரக் காட்டில் ஒரு கல்லை நட்டு, பண்டாரமும் உடுக்கையுமாகத் தொடங்கிய கோயில் அது. தீமிதியே கிராமத்து வழிபாட்டிலிருந்து வந்தது. வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் முடிவில் தீ மிதிக்கிறார்கள். போர் முடிந்து முதலில் தீயில் இறங்கியவள் திரௌபதி என்பதுதான் அங்கே சொல்லப்படும் கதை. அந்தக் குழியில் பெண்ணுக்கு இடமில்லை என்றால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

வழக்கம் என்று சொல்கிறார்கள். எந்த ஊர் வழக்கம்? சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஆண்கள் மட்டுமே இறங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் வழிவந்த பெண்கள் இறங்குகிறார்கள். 1903 முதல் சென்னையிலிருந்து ஃபிஜிக்குப் போனவர்களின் வழிவந்த பெண்களும் இறங்குகிறார்கள். அவர்களும் நம்மைப் போல் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள்தான். அங்கே அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: தீட்டு. எந்த நாளில் கோயிலுக்குப் போவது என்று பாட்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் தேவையில்லை. சேலையில் தீப்பிடிக்கும் என்கிறார்கள். இது நியாயமான பயம். அப்படியானால் சேலையைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். வேட்டிக்கும் அதுதானே விதி?

தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்த் தோழி ஒருத்தி "கால் சுடாதா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. திருவிழா அன்று பாதி வகுப்பே வராது. இப்போது இயற்பியல் படிக்கிறேன். மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பல் படிந்திருக்கும், பாதம் படுவதோ ஒரு நொடிக்கும் குறைவு. நின்றால் சுடும், நடந்தால் பெரும்பாலும் சுடாது. இதில் ஆண் பாதம், பெண் பாதம் என்ற கணக்கு எங்கும் வரவில்லை.

"மூடநம்பிக்கையில் போய்ச் சமத்துவம் கேட்கிறாயா?" என்று கேலி செய்கிறாள் விடுதி அறைத்தோழி. தீமிதியே வேண்டாம் என்று எல்லாருக்குமாக நிறுத்தட்டும், அதைப் பேசலாம். பெண்களை மட்டும் நிறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. இன்று எங்கு பார்த்தாலும் செம்பனை. அது நல்ல தணல் தராது என்பதால் குழிக்கு ரப்பர் கட்டை லாரியில் வருகிறது. லயத்தில் பாதி வீடுகள் காலி. ஷா ஆலாமிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் ஆண்கள் திருவிழா அன்று கேமராவோடு வருகிறார்கள். பத்து நாளும் குழியைக் கூட்டுவது, கஞ்சி காய்ச்சுவது, கரகத்துக்குப் பூக்கட்டுவது, மறுநாள் சாம்பல் அள்ளுவது எல்லாம் அங்கேயே இருக்கும் கிழவிகள். வருடம் முழுவதும் அம்மனுக்கு விளக்கு வைப்பதும் அவர்கள்தான். விதி போட்ட கூட்டத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

இந்த ஆண்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பதினொரு பெண்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எழுதத் தெரியாத பாட்டி கைநாட்டு வைத்தார். பதில் இன்னும் வரவில்லை. சித்திரை வரை நேரம் இருக்கிறது.