சிவப்பு விளக்கு மின்னுதா? சென்சார் மேல பழி போடாதீங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பியாச்சு. பதினைந்து வருஷத்து கார். சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் கேன் மாதிரி ஒரு படம் சிவப்பாக மின்னுகிறது. வண்டி நகர்ந்ததும் அணைந்துவிடுகிறது.

“என்னங்க அது?”

“சென்சார் போயிருக்கும். பழைய வண்டிதானே!”

பல வீடுகளில் கேட்கிற உரையாடல்தான் இது. அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் தப்பாக இருந்தால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரிப்பதில் போய் நிற்கும்.

விளக்கு சொல்வது என்ன?

பலரும் நினைப்பதுபோல, அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை. ஆயில் பிரஷரைச் சொல்கிறது. ஆயில் போதுமான அழுத்தத்தில் பாய்ந்தால்தான் இன்ஜினுக்குள் உலோகமும் உலோகமும் நேராக உரசாது. அழுத்தம் மிகவும் குறைந்த பிறகுதான் இந்த விளக்கு எரியும். அதனால் ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட முடியாது.

உடனே செய்ய வேண்டியது

ஓடும்போது எரிந்தால், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சமதளத்தில் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு அணைந்துவிட்டால் நல்லது. ஆனால், குறைந்த ஆயில் எங்கே போனது என்பதை மெக்கானிக்கிடம் காட்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள், அல்லது வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்கலாம்?

பெரும்பாலான பழைய கார்களில் இன்ஜினில் திருகப்பட்ட ஒரு சின்ன ஸ்விட்ச்தான் இந்த விளக்கை இயக்குகிறது. அதற்கு ஒரே ஒரு வயர். இக்னிஷனை ஆன் செய்து அந்த வயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். கழற்றிய பிறகும் எரிந்தால், வயரின் தோல் உரிந்து எங்கோ பாடியில் தொடுகிறது என்று அர்த்தம்.

அணைந்தால், ஸ்விட்ச் கெட்டிருக்கலாம்; பிரஷரே குறைந்திருக்கலாம். இரண்டில் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கேஜில் பிரஷர் சரியாக இருந்தால் புது ஸ்விட்ச் போதும். குறைவாக இருந்தால் ஆயில் பம்ப், பேரிங் தேய்மானம் என்று தேட வேண்டும். இன்ஜின் சூடான பிறகு, சிக்னலில் நிற்கும்போது மட்டும் மின்னினால் இந்தத் தேய்மானத்தின் மீது சந்தேகம் கூடும். சூட்டில் ஆயில் இளகியிருக்கும். ஐடிலில் பம்பும் மெதுவாகச் சுற்றும்.

“ஸ்விட்சை மாத்திப் பார்ப்போம் சார்” என்று மெக்கானிக் ஆரம்பித்தால், “முதல்ல கேஜ் போட்டுப் பாருங்கண்ணே” என்று கேளுங்கள்.

எரியாத விளக்கும் ஆபத்து

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து பாருங்கள். ஆயில் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால், பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். தொல்லை தாங்காமல் யாரோ பல்பைப் பிடுங்கியும் இருக்கலாம்.

பழைய வண்டியின் விளக்கு பத்து முறை ‘புலி வருது’ என்று பொய் சொல்லியிருக்கும். பதினோராவது முறையும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு, பத்து நிமிடமும் ஒரு பழைய துணியும்தான்.