வெயிலை விற்ற வாணிபம்

ஆஸ்திரேலிய நாட்டில் 2015ஆம் ஆண்டு பிறந்தபோது, ஒரு வாணிபத்தின் கதவுகள் மாநிலம் மாநிலமாக மூடப்பட்டன. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா ஆகியவை சட்டம் போட்டு மூடின. ஓராண்டு கழித்து, 2016 ஜனவரியில், மேற்கு ஆஸ்திரேலியாவும் மூடியது. சாராயக் கடையா அது? சூதாட்ட விடுதியா? இல்லை. வெயிலை விற்ற கடை! 'சோலாரியம்' என்று அதற்கு அந்நாட்டில் பெயர்.

வெயிலையா விலைக்கு வாங்குகிறார்கள் என்று தோழர்கள் சிரிக்கக்கூடும். வயல்வெளியிலும் தார்ச்சாலையிலும் துறைமுகத்திலும் காலமெல்லாம் வெயிலைச் சுமப்பவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வேடிக்கைக்குப் பின்னால் புற்றுநோய் இருக்கிறது. அதற்கும் பின்னால் ஒரு கல்லாப்பெட்டி இருக்கிறது. ஆகவேதான் இதைப்பற்றி எழுதுகிறோம்.

ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பெட்டி. மேலும் கீழும் வரிசையாகக் குழல் விளக்குகள். உள்ளே படுத்து மூடிக்கொண்டால், அவ்விளக்குகளிலிருந்து புற ஊதாக் கதிர்கள் உடம்பெங்கும் பாயும். சில நிமிடம் படுத்து எழ வேண்டும். சில நாள் இப்படிச் செய்தால் வெளுத்த தோல் மாநிறமாகும். இதற்குத்தான் காசு.

வெள்ளைக்காரருக்கு ஏன் இந்த ஆசை? ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வெளுத்த தோலே சீமான் வீட்டு அடையாளம். வெயிலில் கருத்தவன் உழவன், கூலியாள். பிறகு ஆலைகள் எழுந்தன, சுரங்கங்கள் ஆழ்ந்தன. வெயிலே காணாமல் உள்ளே கிடந்து வெளுத்தான் பாட்டாளி. வேலை வெட்டி இல்லாமல் கடற்கரையில் கிடக்க வசதி படைத்தவன் பழுப்பேறினான். 1920களில் பழுப்பு நிறம் நாகரிகமாயிற்று. உழைப்பின் முத்திரையாக இருந்தவரை இழிவு. ஓய்வின் முத்திரையானதும் அழகு! நிறத்தில் என்ன இருக்கிறது? அதை அணிந்திருப்பவன் எந்த வர்க்கம் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

1970களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து விளக்குப் படுக்கை பரவியது. கடற்கரை மாளிகைக்குப் போக வழியில்லாத கடைச் சிப்பந்திப் பெண்ணுக்கும், சீமாட்டியின் நிறம் தவணை முறையில் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது. கூடவே வேறொன்றும் கிடைத்தது.

விஞ்ஞானம் சொல்வது தெளிவு. புற ஊதாக் கதிர் தோலின் உயிரணுவுக்குள் புகுந்து டி.என்.ஏ. என்ற மரபிழையைச் சிதைக்கிறது. சிதைவைக் கண்ட தோல், மேலும் அடிபடாமல் காக்க நிறமியைச் சுரக்கிறது. அழகென்று கண்ணாடியில் பார்த்து மகிழும் அந்தப் பழுப்பு, அடிபட்ட தோல் தூக்கிப் பிடிக்கும் கேடயமே! சிதைவு சரியாகாமல் சேர்ந்துகொண்டே போனால் புற்று பிறக்கிறது. அதில் கொடியது மெலனோமா. உடலின் மற்ற உறுப்புகளுக்கும் பரவும் தன்மையுடையது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. 2009இல் அது இந்தப் படுக்கைகளை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று ஐயமற நிலைநாட்டப்பட்ட முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. எல்லாம் ஒரே அளவு கொல்லும் என்பதல்ல இதன் பொருள். சான்று அத்தனை உறுதியானது என்பதே பொருள். 35 வயதுக்கு முன்பே படுக்கத் தொடங்குவோருக்கு மெலனோமா அபாயம் ஏறத்தாழ 59 சதவிகிதம் கூடுதல் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் வெளியான கணக்கு காட்டிற்று.

மெல்போர்ன் நகரின் கிளேர் ஆலிவர், சோலாரியத்துக்குச் சென்று வந்தவர். மெலனோமா பற்றியது. சாவு நெருங்கிய நாட்களில், என் கதி பிறருக்கு வேண்டாம் என்ற கருத்தைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார். 2007 செப்டம்பரில், 26ஆம் வயதில், மறைந்தார். நாடு உலுக்கப்பட்டது. முதலில் கட்டுப்பாடு வந்தது: உரிமம் வேண்டும், சிறுவரை அனுமதிக்கக் கூடாது, எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றார்கள். அது போதாதென்று கண்டபிறகே முழுத் தடை வந்தது.

வாணிபத்தார் சும்மா இருந்தார்களா? அமெரிக்காவில் அவர்களுடைய சங்கம் 2008இல் விளம்பரப் போர் தொடுத்தது. படுக்கையால் ஆபத்தில்லை, நன்மையே என்றது. அது பொய் விளம்பரம் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2010இல், இனி அப்படிச் சொல்வதில்லை என்று சங்கம் உடன்பட நேர்ந்தது.

அதே அமெரிக்காவில் நடந்த இன்னொரு வேடிக்கை. 2009இல் மருத்துவக் காப்பு மசோதாவுக்குப் பணம் தேட, அழகுக்கான அறுவைச் சிகிச்சைக்கு 5 சதவிகித வரி போட செனட்டில் யோசனை வந்தது. அத்துறையார் எதிர்த்தனர். அந்த வரி போயிற்று. அதன் இடத்தில், 2010 ஜூலை முதல், விளக்குப் படுக்கைக்கு 10 சதவிகித வரி வந்தது. நஞ்சுக்கு வரி போட்டால் நஞ்சின் விலை ஏறும், கடை மூடுமா?

"தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவதா?" என்று கேட்கிறார்கள். ஆஸ்திரேலியச் சட்டத்தைப் பார்க்கட்டும். பழுப்பாக ஆசைப்பட்டவர் யாரையும் அது சிறையில் தள்ளவில்லை. சொந்த வீட்டில் படுக்கை வைத்திருப்பவரைக்கூடத் தொடவில்லை. காசு வாங்கிக்கொண்டு பிறர் உடம்பில் அக்கதிரைப் பாய்ச்சாதே என்றது, அவ்வளவுதான். தடுக்கப்பட்டது ஆசையல்ல, வாணிபம்! களவாக நடத்தி அபராதம் கட்டியவர்களும் உண்டு. திருடன் இருக்கிறான் என்பதற்காகத் திருட்டுக்குச் சட்டம் வேண்டாமென்று யாராவது சொல்வார்களா? ஆஸ்திரேலியாவுக்கு முன்பே, 2009இலேயே, அழகுக்கான படுக்கையை எல்லா வயதினருக்கும் தடை செய்து வழிகாட்டியது பிரேசில்.

அங்கே கருமை விற்கிறார்கள். இங்கே வெளுப்பு விற்கிறார்கள். பாதரசம் கலந்த வெளுப்புப் பசைகளால் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. சரக்கு வேறு, தந்திரம் ஒன்று. பிறந்த நிறம் போதாது என்று முதலில் நம்பவை. பிறகு மருந்தை விலைக்கு நீட்டு!

பாட்டாளித் தோழர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. ஆசைக்காகப் பெட்டிக்குள் படுத்தவரைக் காக்கச் சட்டம் வந்தது, நல்லது. கூலிக்காக வெட்டவெளியில் நிற்பவனைக் காப்பது எது? உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019இல் மட்டும் ஏறக்குறைய 19,000 பேர், வெயிலில் வேலை செய்ததால் வந்த மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்க்குப் பலியானார்கள். ஜெர்மனி 2015 முதல், வெயில் வேலையால் வரும் சிலவகைத் தோல் புற்றைத் தொழில் நோய் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. கருந்தோலுக்கு இயற்கையே ஓரளவு காப்பு தந்திருப்பதால் நம் நாட்டில் இந்நோய் குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. வெயிலின் கொடுமை புற்றோடு முடிவதும் இல்லை.

அறிவுரையால் அந்தக் கடைகள் மூடவில்லை, எச்சரிக்கைப் பலகையால் மூடவில்லை, சட்டத்தால்தான் மூடின. வேலைத்தளத்தில் நிழலும், உச்சி வெயிலில் ஓய்வும், உடம்பை மூடும் உடுப்பும் முதலாளியின் தயவாக வரப்போவதில்லை. அவையும் சட்டமாக வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் வெயிலில் நிற்பவர்களே!