எல்லை கடக்கும் பாடவிதானம்

கல்விக்கு நாட்டெல்லை உண்டோ என்னும் வினா ஐரோப்பாவில் இன்று தோன்றியதன்று. மத்திய காலத்திலே பொலோஞா, பாரிசு முதலிய நகரங்களின் பல்கலைக் கழகங்களை நாடிப் பல தேசத்து மாணாக்கரும் வந்தனர். இலத்தீன் பொதுமொழியாக விளங்கியமையால், ஓரிடத்திற் கற்றவர் மற்றோரிடத்திற் கற்பித்தல் அரிதாக இருக்கவில்லை. பின்னர்த் தேசிய அரசுகள் வலுப்பெறவே, பல்கலைக் கழகங்கள் அவற்றின் பெருமைக்குரிய கோட்டைகளாயின.

இதற்கு ஸ்திராஸ்பூர் நகரமே தக்க சான்று. 1871இல் ஜெர்மனி அந்நகரைத் தனதாக்கிக்கொண்டது. மறு ஆண்டே அங்கு ஜெர்மானியப் பல்கலைக் கழகம் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரின் பின் அது பிரெஞ்சுக் கழகமாயிற்று. 1939இல் அக்கழகம் பிரான்சின் நடுப்பகுதிக்கு இடம்பெயர, 1941இல் நாசிகள் தமது கழகத்தை அங்கே நிறுவினர். அத்தகைய நகரம் 1989இல் பாசல், பிரைபூர்க், கார்ல்ஸ்ரூ, மூலூஸ் ஆகிய அயல்நகர்ப் பல்கலைக் கழகங்களோடு கூட்டுச் சேர்ந்தது. இன்று அவற்றுள் ஒன்றிற் பதிவுபெற்ற மாணவன் ஏனையவற்றிலும் விரிவுரை கேட்கலாம். போர்முனையாயிருந்த இரைன் நதிக்கரை கல்விச்சாலையானது சிறிய மாற்றமன்று.

இக்கூட்டுறவு கண்டம் முழுதும் பரவியது. 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின்கீழ் முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர் அயல்நாடு சென்று கற்றனர். 1999இல் 29 நாடுகள் பொலோஞாவிற் கூடிப் பட்டப்படிப்புகளை ஒப்பிடத்தக்க படிகளாக அமைக்க உடன்பட்டன. ஓராண்டுக் கல்விக்கு 60 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மாணவனின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் வழங்கும் பொது அளவை.

ஆயினும், புள்ளி காலத்தை அளக்குமேயன்றிக் கருத்தை அளவாது. பாடவிதானம் உண்மையாகவே விரிய வேண்டுமாயின் பாடப்பொருளே மாறுதல் வேண்டும். கொலோனிலும் பாரிசிலும் இணைந்து நடைபெறும் சட்டக் கல்வியை நோக்குக. அங்குப் பயிலும் மாணவன் ஒரே வகைப் பிணக்கை இரு நாட்டுச் சட்டங்களின் வழியும், இரு மொழிகளிலும் ஆராய நேர்கின்றது. தன் நாட்டுச் சட்டம் இயற்கை நியதியன்று, பல வழிகளுள் ஒன்றே என்பதை அவன் உணர்கிறான். இத்தகைய கூட்டுப் படிப்புகளை ஊக்குவிக்கவே 1997இல் இரு அரசுகளும் ஒப்பந்தஞ் செய்து பிரெஞ்சு-ஜெர்மானியப் பல்கலைக் கழகத்தை நிறுவின.

இதற்கு மாறான வழியும் உண்டு. மிலான் நகரின் பொறியியற் பல்கலைக் கழகம் 2014 முதல் மேற்பட்டப் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்திலேயே நடத்த 2012இல் முடிவு செய்தது. ஆசிரியர் பலர் நீதிமன்றம் சென்றனர். 2017இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம், ஆங்கிலத்திலும் பாடம் நடத்தலாம், ஆனால் இத்தாலிய மொழியை முற்றாக ஒதுக்குதல் தகாது எனத் தீர்ப்பளித்தது. இதனைக் குறுகிய மொழிப்பற்றெனத் தள்ளிவிட முடியாது. ஒரு மொழியிலே உயர்கல்வி நின்றுவிடின், புதிய கலைச்சொற்கள் அம்மொழியிற் பிறவா. அறிஞர் பேச்சு பொதுமக்கள் செவிக்கு எட்டாது போகும்.

மேலும், பெரும்பாலான மாணவர் பயணஞ் செய்வதில்லை. 2020ஆம் ஆண்டளவிற் பட்டதாரிகளுள் ஐந்திலொருவரேனும் அயல்நாட்டிற் கற்றிருத்தல் வேண்டுமென 2009இல் அமைச்சர்கள் வகுத்த இலக்கு எட்டப்படவில்லை. ஆதலால், ஊரிலிருக்கும் மாணவனுக்கும் உலகைக் காட்டும் பாடமே தேவை என்னும் கருத்து, சுவீடனின் மால்மோ நகரிலே 1990களின் இறுதியில் எழுந்தது. பயணச் செலவுக்கு வழியில்லாதவனை மறவாத நற்கருத்து அது.

போதனாமொழி பற்றி நெடுங்காலம் வாதாடிய இலங்கையர் இவ்வனுபவத்தை ஊன்றி நோக்குதல் நன்று. பிறமொழி கற்பது ஒன்று; தன்மொழியைக் கைவிடுவது மற்றொன்று. ஸ்திராஸ்பூரின் கூட்டுறவு எம்மொழியையும் துறக்கச் சொல்லவில்லை. அயலார் மொழியையும் கற்கச் சொல்லிற்று. பாடவிதானம் எல்லை கடக்கத்தான் வேண்டும். கடக்கும்போது அது தன் மொழியையும் உடன்கொண்டு செல்வதாகுக.