கடதாசி தானே என்று விட்டுவிடலாமா?

போன மாதம் பளையில் நடந்த சங்கக் கூட்டத்தில் சம்பளக் கதை முடிந்ததும், தேங்காய் உரிக்கும் அக்கா ஒருவர் எழும்பிக் கேட்டார்: "தம்பி, காணாமல் ஆக்கினவைக்கு எண்டு சட்டம் இருக்காம். அது ஆமிக்காரரைக் காட்டிக்குடுக்கிற சட்டம் எண்டு பேப்பரில போடுறாங்கள். எங்களுக்கு அதில என்ன கிடக்கு?" அவருடைய மகனை 2009 இற்குப் பிறகு யாரும் காணவில்லை. நாங்கள் அன்று சொன்ன பதில் அரைகுறை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் 2016 ஓகஸ்டில் பெரும் கூச்சலுக்கிடையில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. காணாமல் ஆக்குவதைக் குற்றமாக்கிய 5 ஆம் இலக்கச் சட்டம் 2018 மார்ச்சில் வந்தது. இரண்டுக்கும் தெற்கில் வைத்த பெயர் ஒன்றுதான்: படைவீரருக்கு எதிரான சட்டம். ஜெனீவாக் கூட்டத்தொடர் நெருங்கும்போதெல்லாம் அதே பல்லவி திரும்ப ஒலிக்கும்.

2018 ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது? ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு, பிடிக்கவில்லை என்று மறுப்பதும் இருக்கும் இடத்தை மறைப்பதும் குற்றம். அரச அதிகாரி மட்டுமல்ல, வேறு எவர் செய்தாலும் குற்றமே. 20 வருடம் வரை சிறை. இரகசியமாக அடைத்து வைக்க முடியாது. உண்மையை அறியும் உரிமை உறவுகளுக்கு உண்டு. பிடிபட்டவர் தமிழரா சிங்களவரா என்று சட்டம் கேட்கவில்லை. ஆட்களைக் கடத்தாத படைவீரருக்கு இதில் என்ன பயம்?

1990 இல் தெற்கில் சிங்களப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் காணாமற்போனபோது, அவர்களைப் பற்றிய ஆவணங்களோடு ஜெனீவாவுக்குப் புறப்பட்ட ஒரு பாராளுமன்ற உறுப்பினரைக் கட்டுநாயக்காவில் பொலிசார் மறித்து ஆவணங்களைப் பறித்தார்கள். அவர் மகிந்த ராஜபக்ச. 2016 இல் அலுவலகச் சட்டத்தை எதிர்த்து நின்ற அணிக்கும் அவர்தான் தலைவர். அன்றைக்கு மாத்தறைத் தாய்மாருக்கு நியாயமாக இருந்தது, கிளிநொச்சித் தாய்மார் கேட்டால் மட்டும் துரோகமாம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் போராட்டத்தில் அமர்ந்த உறவுகள் அந்த அலுவலகத்தை நம்பவில்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் இனி நடப்பவற்றுக்குத்தான் என்று அன்றைய அரசாங்கமே சொன்னது. ஆனால் ஆள் திரும்பி வராத ஒவ்வொரு நாளும் அந்தக் குற்றம் தொடர்கிறது என்பதே எங்கள் வாதம். வாதாடுவதற்குச் சட்டம் கையில் இருக்க வேண்டும்.

"எல்லாம் வெறும் கடதாசி" என்கிறார்கள் நம்மவர் சிலர். 1948 இல் 18 ஆம் இலக்கச் சட்டம் என்ற ஒரு கடதாசிதான் மலையகத்தில் ஏறக்குறைய 7 இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. கலவரங்களுக்குப் பயந்து மலையிலிருந்து வன்னிக்கு வந்த எங்கள் குடும்பங்களில் அந்தக் கதை தெரியாத வீடு இல்லை. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை திரும்பி வர 2003 வரை சென்றது. அதுவும் ஒரு கடதாசியால்தான்.

அக்காவுக்கு ஒன்று. 2016 ஆம் ஆண்டு 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். மகன் இறந்துவிட்டான் என்று நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. அதைக் காட்டி நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய காணியையும் பார்த்துக்கொள்ளலாம். பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கப் போகும் நாளைச் சொல்லுங்கள், சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார்.